ஹாலே சந்தைத் தேவாலயம்: அரை நாளில் பார்க்க முடியுமா?

காவிரிக்கரை

லைப்சிக்குக்கு வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த மாதம் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். விசா கைக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயில் பெர்லினும் இல்லை, மியூனிக்கும் இல்லை. ஹாலே, ஹாலே என்று ஒரே பாட்டு. தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் போதகர் சீகன்பால்கு படித்த ஊர், தமிழ் அச்செழுத்து வார்த்த ஊர், நம் ஓலைகள் பத்திரமாக இருக்கும் ஊர்.

அம்மாவுக்கு ஓலையில் நாட்டமில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவர் அவர். "அந்த ஊரில் மாதா கோயில் இருந்தால் காட்டு. இல்லாவிட்டால் நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்" என்கிறார். (நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அம்மாவுக்கு அது ஒரு பொருட்டும் இல்லை.)

ஹாலேயில் எங்களுக்குக் கிடைப்பது அரை நாள்தான். சந்தைச் சதுக்கத்தில் நான்கு கோபுரங்களோடு ஒரு தேவாலயம் நிற்பதைப் படத்தில் பார்த்தேன். உள்ளே போய்ப் பார்க்கும் அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா? அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறச் சொல்ல முடியாது.

ஓலைச்சுவடி

தேவாலயத்தை வெளியிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு நேரே பிராங்கே நிறுவனத்துக்குப் போய்விடுங்கள். சதுக்கத்திலிருந்து நடந்தால் பத்து நிமிடம். 1698இல் அனாதை இல்லமாகத் தொடங்கிய இடம். ஒரு பள்ளி நகரமே அங்கே எழுந்தது. பழைய இல்லத்தின் மேல்தளத்தில் அதிசயப் பொருள்களின் அறை ஒன்று இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஓவியம் தீட்டிய அலமாரிகள் அப்படியே நிற்கின்றன. தரங்கம்பாடிப் போதகர்கள் அனுப்பிய பொருள்களையும் அங்கே பார்க்கலாம்.

ஓலைகளைக் கையருகே பார்க்க வேண்டுமென்றால் ஆவணக் காப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள். வாசலில் போய் நின்று கேட்டால் கிடைக்காது. அரை நாளில் இதற்கே நேரம் போதாது. ஐரோப்பாவில் தேவாலயத்துக்கா பஞ்சம்?

பழைய பேருந்து

முதலில் சரியான ஹாலேக்கு டிக்கெட் எடுங்கள்! ஜெர்மனியில் ஹாலே ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. நான் வந்த புதிதில் வெஸ்ட்பாலியா ஹாலேக்கு டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கி, நீங்கள் போகும் ஹாலேயில் ஓடும் சாலே ஆறு எங்கே என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். அவர் என்னை டென்னிஸ் பார்க்க வந்தவன் என்று நினைத்து மைதானத்துக்கு வழி காட்டினார். லைப்சிக்கிலிருந்து போகிறவருக்கு இந்த ஆபத்து இல்லைதான். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

வடக்குக்காற்று

ஓலைச்சுவடி ஐயா மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் "வெளியிலிருந்து ஒரு படம்" என்று எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் இந்த ஊரில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். காய்கறி வாங்கச் சதுக்கத்துக்குப் போனால் பையோடு உள்ளே நுழைந்து பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவது எனக்கு வழக்கம்.

தம்பி, உங்கள் அம்மாவிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். அது மாதா கோயில்தான். சந்தைத் தேவாலயம் என்பது ஊர்வழக்கு. முழுப் பெயர் நம் அன்பு அன்னையின் தேவாலயம். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளாக லுத்தரன் சபையின் கையில் இருக்கிறது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

நான்கு கோபுரங்கள் ஏன் என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். அந்த இடத்தில் முன்பு இரண்டு தேவாலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, முதுகோடு முதுகு ஒட்டியதுபோல் நின்றன. மேற்கே புனித கெர்ட்ரூட், உப்புக் காய்ச்சுகிறவர்களுடையது. கிழக்கே புனித மரியா, வணிகர்களுடையது. 1529இல் இரண்டின் உடலையும் இடித்தார்கள். கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, மேற்கே இருந்த இரண்டுக்கும் கிழக்கே இருந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே மண்டபத்தை எழுப்பினார்கள். பந்தல்கால் நான்கையும் அப்படியே விட்டுவிட்டுக் கூரையை மட்டும் புதிதாகப் போட்டதுபோல. வேலை முடிய 1554 ஆயிற்று. மேற்குக் கோபுரங்கள் ஊசியாக நீண்டவை, நீலக் கோபுரங்கள் என்பார்கள். கிழக்குக் கோபுரங்களின் தலை உருண்டை. இரண்டையும் ஒரு சிறு பாலம் இணைக்கிறது. தீ பிடித்தால் ஊரை எழுப்ப ஒரு காவலர் அங்கேயே குடும்பத்தோடு குடியிருந்தார்.

இதைக் கட்ட வைத்தவர் யார் என்பதில்தான் கதையே இருக்கிறது. கர்த்தினால் ஆல்பிரெக்ட். பதவிக்காகப் பட்ட கடனை அடைக்கப் பாவமன்னிப்புச் சீட்டு விற்க விட்டாரே, 1517இல் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூதர் எதிர்த்து எழுதியது யாருடைய சீட்டு விற்பனையையோ, அதே ஆல்பிரெக்ட். ஹாலே அவருக்குப் பிடித்த இருப்பிடம். லூதரின் அலை இந்த ஊருக்குள் வராமல் தடுக்கும் கோட்டையாகத்தான் இந்தத் தேவாலயத்தை அவர் நினைத்தார். 1541இல் கட்டட வேலை பாதியில் இருக்கும்போதே கர்த்தினால் ஊரைவிட்டுப் போகும்படி ஆயிற்று. லூதரின் நண்பர் யூஸ்டஸ் யோனாஸ் வந்து அதே தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார். நான்கு ஆண்டுகள் கழித்து லூதரே வந்து பேசினார். அப்போதும் கட்டடம் முழுதாக முடியவில்லை.

உள்ளே போனதும் பலிபீடத்தின் நடுப்படத்தைப் பாருங்கள். ஓவியர் கிரானாக்கின் பட்டறை வழி வந்த ஓவியம், 1529. குழந்தையோடு மரியா. அவர் முன்னால் முழந்தாளிட்டிருப்பவர் அந்த ஆல்பிரெக்ட்தான். லுத்தரன் சபை அவரை அழிக்கவும் இல்லை, அவர் மேல் வெள்ளையடிக்கவும் இல்லை. தோற்றுப்போனவர் இன்னும் அங்கேதான் முழந்தாளிட்டிருக்கிறார், ஞாயிறுதோறும் வென்றவர்களின் பாட்டைக் கேட்டுக்கொண்டு.

பழைய பேருந்து

அக்கா, ஒரு சந்தேகம். இசையமைப்பாளர் ஹாண்டெல் ஆர்கன் வாசித்ததும் இங்கேதானே? ஹாலேப் பேராலயம் என்று ஏதோ படித்த நினைவு.

கணக்குப்பிள்ளை

இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. பேராலயம் வேறு, அது சற்றுத் தள்ளி ஆற்றுப் பக்கம் இருக்கிறது, வெளியே பார்த்தால் பேராலயம் என்று சொல்ல மாட்டீர்கள். 1702இல் பதினேழு வயது ஹாண்டெல் ஓர் ஆண்டு ஆர்கன் வாசிப்பாளராகச் சம்பளம் வாங்கியது அங்கே.

சந்தைத் தேவாலயத்தில் நடந்தது அதற்கு முந்தியது. 1685 பிப்ரவரி 23இல் பிறந்தார். மறுநாளே அங்கே ஞானஸ்நானம். அந்த வெண்கலத் தொட்டி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தொட்டியின் ஆண்டு 1430. அதாவது கட்டடத்தைவிட நூறு வயது மூத்தது.

அங்கே ஆர்கன் வாசிப்பாளராக இருந்த சாக்கோவ்தான் ஹாண்டெலுக்குக் குரு. பலிபீடத்துக்கு மேலே கிழக்கு மாடத்தில் ஒரு சிறு ஆர்கன் இருக்கிறது: கேயோர்க் ரைகெல் செய்தது, 1664. சிறுவன் ஹாண்டெல் கற்றுக்கொண்டது அதில். எதிரே மேற்கில் பெரிய ஆர்கன். முகப்பு 1716ஆம் ஆண்டினுடையது, உள்ளே இருப்பது 1984இல் கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் வைத்தது.

வடக்குக்காற்று

சரியாகச் சொன்னீர்கள். அந்தச் சிறு ஆர்கனின் சுருதி இன்றைய சுருதி அல்ல, பழைய காலத்து முறை. சில சுரக்கூட்டுகள் தேன்போல இனிக்கும். வேறு சில காதில் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தும். அது பழுது இல்லை. அந்தக் காலத்து இசை அப்படித்தான் அளந்து வைத்திருந்தது. யாராவது வாசிக்கும் நேரத்தில் போக வாய்த்தால் எழுந்து வந்துவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை

1716 என்றதும் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாக்கோவ் 1712இல் இறந்ததும் அந்த வேலைக்கு இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாகைக் கேட்டார்கள். அவர் வந்தார், வாசித்தார், தேர்வும் ஆனார். பிறகு சம்பளத்தைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே வேலை பார்த்த வைமாரிலேயே இருந்துகொண்டார். பெரிய ஆர்கன் முடிந்ததும் அதைச் சோதிக்க அவரையே மறுபடி அழைத்தார்கள். சோதனை முடிந்து நடந்த விருந்தின் பட்டியல் அப்படியே கிடைத்திருக்கிறது. நெத்திலி வெண்ணெயோடு விலாங்கு மீன், புகையூட்டிய பன்றித் தொடை, கன்றுக்குட்டி வறுவல், அஸ்பாரகஸ், சர்க்கரைப் பாகில் ஊறிய செர்ரி... ஆர்கனின் தரச் சான்றிதழ் எப்படி வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய பேருந்து

சம்பந்தி விருந்து சாப்பிட்டுவிட்டுப் பெண்ணைக் குறை சொல்ல முடியுமா?

கணக்குப்பிள்ளை

ஒரு திருத்தம், என்னையே திருத்திக்கொள்கிறேன். விலாங்கு இல்லை. பட்டியலில் இருப்பது ஹெக்ட், நீளமூக்கு நன்னீர் மீன். மாற்றிப் படியுங்கள்.

தரங்கை அலை

நான் தரங்கம்பாடிக்காரன். எங்கள் புதிய எருசலேம் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவன். இந்த இழையில் ஒன்று விட்டுப்போகிறது. சீகன்பால்கு ஐயர் குருப்பட்டம் பெற்றது ஹாலேயின் இந்தத் தேவாலயத்தில்தான் என்று சிறு வயதில் எங்கள் சபையில் ஒரு பெரியவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தமிழர்கள் போகும்போது அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தால் நன்றாக இருக்கும்.

ஓலைச்சுவடி

மன்னிக்க வேண்டும், அது அப்படி இல்லை. சீகன்பால்கு புல்ஸ்நிட்ஸ் ஊரில் 1682இல் பிறந்தவர். ஹாலேயில் படித்தது கொஞ்சக் காலம்தான். உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. அவரையும் உடன் சென்ற போதகர் புளுட்சாவையும் அனுப்பியவர் டென்மார்க் அரசர். குருப்பட்டம் கோபன்ஹேகனில், 1705 நவம்பரில். அந்த மாதக் கடைசியிலேயே கப்பல் ஏறினார்கள். 1706 ஜூலை 9 தரங்கம்பாடி.

வடக்குக்காற்று

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அனாதை இல்லத்தைத் தொடங்கிய பிராங்கே 1692இல் போதகராக வந்தது கிளௌகாவுக்கு. அன்று அது ஹாலேயின் மதிலுக்கு வெளியே இருந்த தனி ஊர், ஏழைகள் நிறைந்த இடம். ஊருக்குள் சந்தைத் தேவாலயத்தைப் போன்ற இடங்களில் இருந்த போதகர்களுக்கும் அவருக்கும் தொடக்கத்தில் கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை. மேடையில் ஏறி ஒருவரையொருவர் சாடிக்கொண்டார்கள். ஆகவே சீகன்பால்குவின் தடத்தை இந்தத் தேவாலயத்தில் தேடுவது, மருமகளின் நகையை நாத்தனார் வீட்டில் தேடுவதுபோலத்தான்.

தரங்கை அலை தம்பி வருத்தப்பட வேண்டாம். நம்மவர்கள் வரும்போது பலமுறை பார்த்திருக்கிறேன். எந்தக் கட்டடத்தில் கால் வைத்தாலும் "இதில் நமக்கு என்ன சம்பந்தம்" என்றுதான் முதல் கேள்வி. சம்பந்தம் இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் வெளியே. பெரிய கோயிலுக்கு வரும் ஜெர்மானியர் தம் ஊர்ச் சம்பந்தத்தைத் தேடிக்கொண்டா நந்தியைப் பார்க்கிறார்?

தரங்கை அலை

வருத்தம் ஒன்றும் இல்லை அக்கா. பெரியவர் சொன்னதை நான் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். ஆனால் சம்பந்தம் தேடுவதைக் குற்றமாகச் சொல்லாதீர்கள். எங்கள் ஆலயத்தின் பலிபீடத்துக்குப் பக்கத்தில்தான் சீகன்பால்கு ஐயரை அடக்கம் செய்திருக்கிறது. அங்கே வரும் ஜெர்மானியர்கள் தேடுவதும் தங்கள் சம்பந்தத்தைத்தான். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வடக்குக்காற்று

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நந்தியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஓலைச்சுவடி

ஹாலேக்கும் நமக்கும் உண்மையான சம்பந்தம் எழுத்தில் இருக்கிறது. தமிழ் எழுத்துகளை வெட்டி வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பியது இந்த ஊர். எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் விழுங்கியது. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். அதற்கான ஈயம் பாலாடைக்கட்டிப் பெட்டிகளிலிருந்து வந்தது. புதிய ஏற்பாடு 1715இல் முடிந்தது. பொறையாற்றில் காகித ஆலைகூட வைத்தார்கள். சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலேயிலேயே அச்சானது, லத்தீனில்.

1716. கணக்குப்பிள்ளை சொன்ன விருந்து நடந்த அதே ஆண்டு! இதை இப்போதுதான் கவனிக்கிறேன். ஊரின் ஒரு மூலையில் பாக் மீன் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இன்னொரு மூலையில் அகர வரிசை அச்சேறியிருக்கிறது. தேவாலயத்துக்கு அரை மணி ஒதுக்கச் சம்மதிக்கிறேன். அதற்கு மேல் இல்லை.

காவிரிக்கரை

அனைவருக்கும் நன்றி. அப்பாவுக்கு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். பாலாடைக்கட்டிப் பெட்டி அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கர்த்தினால் கதை தெரியவில்லை. இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

உள்ளே லூதரின் இறந்த முகம் வைத்திருப்பதாக ஒரு வழிகாட்டியில் படித்தேன். உண்மையா? அம்மாவை அங்கே அழைத்துப் போவதா வேண்டாமா?

வடக்குக்காற்று

உண்மை. லூதர் பிறந்த ஊரான ஐஸ்லேபனிலேயே 1546 பிப்ரவரி 18இல் இறந்தார். உடலை விட்டன்பெர்க்குக்குக் கொண்டுபோகும் வழியில் ஓர் இரவு இந்தத் தேவாலயத்தில் வைத்திருந்தார்கள். முகத்தையும் இரு கைகளையும் மெழுகில் எடுத்தது இந்தப் பயணத்தோடு சேர்ந்த செய்தி. தனி அறையில் இருக்கிறது, சிறு கட்டணம் உண்டு.

அதற்குப் பின் நடந்ததுதான் வினோதம். 17ஆம் நூற்றாண்டில் அந்த முகத்தோடும் கைகளோடும் முழு உடல் ஒன்றைச் செய்து, அங்கி மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, தேவாலய நூலகத்தில் வைத்துவிட்டார்கள். பொம்மை லூதர்! சிலை வழிபாட்டைக் கண்டித்த சபையின் நூலகத்தில். நூலகத்துக்குள் இருட்டில் நுழைந்தவன் என்ன ஆகியிருப்பான் என்று நினைத்துச் சிரிப்பேன். 20ஆம் நூற்றாண்டில்தான் பிரித்து எடுத்தார்கள். அந்த நூலகம் 1552இல் தொடங்கியது, இன்னும் இருக்கிறது.

அம்மாவை அழைத்துப் போகலாமா என்பதை அம்மாவிடமே கேளுங்கள். சாவு வீட்டுக்குப் போய்ப் பழகிய தலைமுறை அவர்களுடையது. பயப்படுவது நாம்தான்.

பழைய பேருந்து

எனக்கு அந்த அறை பிடிக்கவில்லை. முகத்தைப் பிற்காலத்தில் கை வைத்துத் திருத்தியிருக்கிறார்கள். கண் திறந்தும் திறக்காமலும் இருக்கிறது. ஒரு மனிதன் செத்த பிறகு அவனை நிம்மதியாக விட வேண்டும். அவ்வளவுதான் என் கட்சி.

கணக்குப்பிள்ளை

இழை தேவாலயத்தைச் சுற்றியே வருகிறது, ஆற்றை மறந்துவிட்டோம். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், 1546 ஜனவரியில், லூதர் ஐஸ்லேபனுக்குப் போகும்போது சாலேயில் வெள்ளம். பனிப்பாளங்கள் மிதந்து வந்தன. ஆற்றைக் கடக்க முடியாமல் ஹாலேயில் மாட்டிக்கொண்டார். அப்போது மனைவி காத்தரீனாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. மறுஞானஸ்நானக்காரி ஒருத்தி அலைகளோடும் பனிக்கட்டிகளோடும் எதிரே வந்து, மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டுகிறாள் என்று ஆற்றைக் கேலி செய்கிறார். பெரியவர்களுக்கு மறுஞானஸ்நானம் கொடுக்கும் கூட்டத்தோடு அவருக்கு இருந்த பகை தெரிந்தவர்களுக்கு இதன் காரம் புரியும். சும்மா இருக்க மாட்டாமல் 26ஆம் தேதி சந்தைத் தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார். தண்ணீர் வடிந்ததும் படகில் கடந்தார். அடுத்த முறை இந்த ஊருக்கு வந்தது பெட்டியில்.

வடக்குக்காற்று

அந்தக் கடிதத்தை நான் மறந்தே போயிருந்தேன். நன்றி.

ஆற்றைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ஆற்றங்கரை ஊர் என்கிறார்கள், சதுக்கத்தில் நின்றால் ஆறு தெரிவதில்லை. தேவாலயத்தின் மேற்குப் பக்கம் போனால் நிலம் சட்டென்று இறங்கும். கீழே இருப்பது ஹால்மார்க்ட். ஊருக்கே சோறு போட்ட உப்பூற்றுகள் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தன. உப்புநீரை இறைத்துக் கொப்பரையில் காய்ச்சினார்கள். விறகு ஆற்றில் மிதந்து வந்தது. உப்புக்காரர் கோயில் ஏன் அந்தப் பக்கம் இருந்தது என்பது அங்கே நின்றால் விளங்கும். வேலைக்கும் வழிபாட்டுக்கும் நடுவில் ஒரு மேடுதான். அவர்களுடைய சகோதரச் சங்கம் இன்றும் இருக்கிறது, வெள்ளிப் பொத்தான் வைத்த உடுப்போடு விழாக்களில் வருவார்கள்.

பள்ளத்தில் உள்ள நீரூற்றில் கர்த்தினால் ஆல்பிரெக்டைக் காதலியோடு வெண்கலத்தில் வடித்திருக்கிறார்கள். 1990களின் கடைசியில் வைத்தபோது ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மேலே பலிபீடத்தில் முழந்தாளிட்டவர், கீழே நீரூற்றில் இப்படி. அப்பாவைக் கொஞ்சம் வேகமாக நடத்திக் கூட்டிச் செல்லுங்கள்.

சதுக்கத்தின் நடுவில் தனியாக நிற்கிற ஐந்தாவது கோபுரத்தையும் விட்டுவிடாதீர்கள். சிவப்புக் கோபுரம் என்று பெயர், நிறம் சிவப்பு இல்லை. 76 மணிகள் கொண்ட மணிவரிசை உள்ளே இருக்கிறது. ஐரோப்பாவில் மிகப் பெரியது என்பார்கள். அது அடிக்கும்போது கைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் கத்த வேண்டியதுதான்.

காவிரிக்கரை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். போன ஞாயிறு போய்விட்டு வந்தோம்.

முதல் தவறு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் ஆராதனை நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பார்வையாளர்களாக நுழைய முடியாது. "பூசை நேரத்தில் வந்துவிட்டு நடை சாத்தியிருக்கிறது என்பாயா?" என்று அம்மா கேட்டார். அவர் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் நாங்களும். ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லோரும் எழுந்தபோது அம்மா எழுந்தார், உட்கார்ந்தபோது உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த மூதாட்டி பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டிக் கொடுத்தார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கடைசிவரை திறந்தபடியே வைத்திருந்தார்.

முடிந்த பிறகு கூட்டம் கலைந்தது. அப்போதுதான் மண்டபம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. மெல்லிய தூண்கள் நேரே மேலே போய், தலைப்பகுதி என்று ஒன்று இல்லாமலே கூரையில் வலைபோல விரிகின்றன. தென்னை மட்டை விரிவதுபோல என்றார் அப்பா. இருபுறமும் கல்மாடங்கள்.

பலிபீடத்தின் அருகே போய்ப் படத்தைக் காட்டினேன். நான் கர்த்தினாலைப் பற்றி ஆரம்பித்தேன். அம்மா கேட்கவில்லை. "குழந்தை சளி பிடித்த மாதிரி இருக்கிறதே" என்றார். கொஞ்ச நேரம் கைகூப்பி நின்றார். பிறகுதான் கீழே முழந்தாளிட்டவர் யார் என்று விசாரித்தார். சொன்னேன். "கடன் வாங்கினவனா? பாவம், நன்றாகக் கும்பிடட்டும்" என்றார்.

ஞானஸ்நானத் தொட்டியை அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெண்கலத்தில் புனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கீழே நான்கு உருவங்கள் அதைத் தாங்குகின்றன. அந்தத் தாங்குகிறவர்கள் முகத்தைத்தான் அவர் குனிந்து பார்த்தார். "நம் தேரடியிலும் இப்படித்தான் இருப்பார்கள். மேலே இருக்கிறவரைப் படம் எடுப்பார்கள், சுமக்கிறவனை எடுக்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு அவர்களை மட்டும் நான்கு படம் எடுத்துக்கொண்டார்.

லூதர் அறைக்கு அம்மா வந்தார். நான்தான் வாசலிலேயே நின்றேன். வெளியே வந்து, "வயதானவர், நிறைய உழைத்த கை" என்றார். அவ்வளவே.

சிறு ஆர்கன் ஒலித்ததா என்று வடக்குக்காற்று அக்கா கேட்பார். இல்லை, பெரியதுதான் ஒலித்தது. மணலைக் காதில் போட்டுக்கொள்ள இன்னொரு முறை வர வேண்டும்.

ஆற்றையும் பார்த்தோம். தேவாலயத்திலிருந்து இறங்கி மெதுவாக நடந்தோம். அம்மாவின் முழங்காலால் வழியில் இரண்டு பெஞ்சு. நம் காவிரியில் தண்ணீர் வருகிற மாதத்தில் இருக்கும் அகலம்கூட இல்லை. லூதரை மூன்று நாள் நிறுத்தி வைத்த ஆறு இதுதானா என்று அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

பிராங்கே நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்போது பிற்பகல் ஆகிவிட்டது. அலமாரிகளை மட்டும் பார்த்தோம். ஓலைச்சுவடி ஐயா, திட்டாதீர்கள்.

ஓலைச்சுவடி

திட்டவில்லை. அரை மணி என்றேன், அரை நாளையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அப்பா இன்னும் எத்தனை நாள் இருக்கிறார்?

காவிரிக்கரை

இன்னும் இரண்டு வாரம். காப்பகத்துக்கு எழுத வேண்டும் என்று நேற்றிரவே கடிதத்தைத் தமிழில் எழுதி வைத்துவிட்டார்; நான் ஜெர்மனில் ஆக்க வேண்டும். ஒன்றரைப் பக்கம், அதில் ஒரு பக்கம் வாழ்த்து. அவர் ஓலை பார்க்கும் நாளில் தான் சந்தைத் தேவாலயத்தில் இருந்துகொள்வதாக அம்மா சொல்கிறார்.

ஓலைச்சுவடி

வாழ்த்தைக் குறைத்துவிடுங்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன வகை ஓலை என்று மூன்றே வரி போதும். சீகன்பால்கு காலத்தவையா, பிற்காலத்தவையா என்று அப்பாவிடம் கேட்டுத் தெளிவாக எழுதுங்கள். பென்சில் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். காப்பகங்களில் பேனாவுக்கு அனுமதி இருக்காது.

வடக்குக்காற்று

அம்மா தனியாக உட்கார்ந்திருப்பார் என்றால் எந்த நாள் என்று எனக்குத் தனிமடலில் சொல்லுங்கள் தம்பி. காய்கறிப் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.